மின்சாரக் காரின் வழிச்செலவும் வழியொழுக்கமும்

நெடுவழி செல்பவன் எங்கே தங்குவது என்பதை முன்னரே எண்ணிப் புறப்படுதல் நம் முன்னோர் வழக்கமாகும். யாழ்ப்பாணத்து வீதியோரங்களிற் சுமைதாங்கியும், கேணியும், ஆவுரஞ்சிக் கல்லும், மடமும் அமைந்தமைக்குக் காரணம் அதுவே. தலைச்சுமையுடன் நடப்பவன் எங்கே கழுத்தாற வேண்டும், வண்டி மாடு எங்கே நீர் அருந்த வேண்டும் என்பவற்றை அறிந்தவர்களே அவற்றைக் கட்டுவித்தனர். பருத்தித்துறையிலே வீதியைக் கவிந்து நிற்கும் தெருமூடிமடம் அவ்வறத்தின் சான்றாக இன்றும் விளங்குகின்றது. இத்தகைய இடங்களுக்கு எழுதப்படாத ஒழுக்கம் ஒன்றும் உண்டு. சுமைதாங்கியிற் சுமையை இறக்கியவன் அதனை அங்கேயே விட்டுவிட்டு ஊர் சுற்றப் போதல் ஆகாது. களை தீர்ந்ததும் சுமையை எடுத்துக்கொண்டு, பின்னால் வருபவனுக்கு இடம் விடுதல் வேண்டும்.

மோட்டார் வண்டி பெருகிய பின்னர் அவ்வழக்கமும் அவ்வொழுக்கமும் நமக்கு வேண்டாதன போலாயின. பெற்றோல் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். ஒருமுறை நிரப்பினால் நானூறு, ஐந்நூறு கிலோமீற்றர் கவலையின்றிச் செல்லலாம். ஆதலால், இடையில் எங்கே நிற்பது என்னும் எண்ணமே பயணத்தினின்றும் நீங்கியது. நீங்கிய அவ்வெண்ணத்தை மின்சாரக் கார் மீட்டுக் கொண்டுவந்துள்ளது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, பின்னால் வருபவனுக்கு எப்பொழுது இடம் விடுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாது அக்காரிலே நெடுந்தூரம் செல்லல் இயலாது. முதல் இரண்டும் கணக்கைச் சார்ந்தவை, மூன்றாவது ஒழுக்கத்தைச் சார்ந்தது என்று மேலோட்டமாக நோக்குவார்க்குத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், கணக்குச் சரியானால் ஒழுக்கமும் சரியாகும் என்பது புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்துக் கடையும் தேநீரும்

மோட்டார் வண்டியின் நெடும்பயண வரலாறு ஒரு பெண்மணியுடன் தொடங்குகின்றது. 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பேர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மூன்று சக்கர வண்டியிலே, கணவருக்கும் சொல்லாது, புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு பிஃபோர்ட்ஸ்ஹைம் நகரிலிருந்த தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் வழி அது. எண்ணெய் நிலையம் என்பதை எவரும் அறியாத காலம். வீஸ்லொக் என்னும் ஊரிலே ஒரு மருந்துக் கடையைக் கண்டு, அங்கு விற்கப்பட்ட லிக்ரோயின் என்னும் திரவத்தை வாங்கி வண்டியில் ஊற்றிக்கொண்டு அம்மையார் வழியைத் தொடர்ந்தார். உலகின் முதல் எண்ணெய் நிலையம் என்று அம்மருந்துக் கடையை இன்று போற்றுகின்றனர். வழியிலே வேண்டியது எங்கே கிடைக்கும் என்று சிந்தித்த முதல் மோட்டார்ப் பயணி அவர் எனலாம்.

மின்சாரக் காரின் வரலாற்றிலும் இத்தகைய இனிய செய்தி ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டிலே யப்பானியக் கார் நிறுவனங்கள் சிலவும் தோக்கியோ மின்வலு நிறுவனமும் கூடி, விரைவு மின்னேற்றத்துக்குரிய பொதுமுறை ஒன்றைப் பரப்புதற்கென ஒரு சங்கம் நிறுவின. அம்முறைக்குச் 'சாடெமோ' என்று பெயர். யப்பானிய மொழியிலே அது 'தேநீராவது அருந்துவோமா?' என்னும் உபசார வார்த்தையை நினைவூட்டுவது. கார் மின்னேறும் பொழுதில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தலாம் என்பது குறிப்பு. ஐரோப்பிய வீதிகளில் இன்று வேறொரு செருகிமுறையே பெரும்பான்மையாக வழங்குகின்றது. ஆயினும், அப்பெயர் உணர்த்தும் உண்மை மாறவில்லை. பெற்றோல் நிரப்புதல் நொடிப்பொழுதுச் செயல். மின்னேற்றுதலோ ஒரு தங்கல். தங்கல் என்று வந்துவிட்டால், காத்திருத்தலும் முறை பார்த்தலும் இடம் விடுதலும் உடன் வந்துவிடுகின்றன.

டோவ்ர மலைப்பாதை

இவற்றை எல்லாம் ஒரு நாடு முழுவதுமாக ஒருங்கே கற்றுக்கொண்டதைக் காண வேண்டுமாயின் நோர்வேயை நோக்குதல் வேண்டும். 2024ஆம் ஆண்டில் அந்நாட்டில் விற்கப்பட்ட புதிய கார்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 89 முற்றிலும் மின்சாரத்தால் இயங்குபவை. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே, நாட்டிற் பதிவான மின்சாரக் கார்களின் தொகை பெற்றோற் கார்களின் தொகையை விஞ்சியது. மலையருவிகளிலிருந்து பெறும் நீர்மின்சாரம் நிறைந்த நாடு அது. ஆயினும், மின்சாரக் காருக்கு ஒவ்வாதன எனப்படும் குளிர், மலையேற்றம், நெடுந்தூரம் என்னும் மூன்றும் நிறைந்த நாடும் அதுவே.

தலைநகரான ஒஸ்லோவிலிருந்து வடக்கே துரொண்ட்ஹைம் நகருக்குச் செல்லும் வீதி ஏறக்குறைய 500 கிலோமீற்றர் நீளமானது. லில்லஹாமர் நகரைத் தாண்டி, நீண்டதொரு பள்ளத்தாக்கின் வழியே சென்று, டொம்போஸ் என்னும் சிற்றூரை அடைந்து, அங்கிருந்து டோவ்ர மலைமீது ஏறுகின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1026 மீற்றர் அதன் உச்சி. மறுபக்கம் இறங்கினால் ஒப்டால், அப்பால் துரொண்ட்ஹைம்.

இவ்வீதி இன்று நேற்று உண்டானதன்று. நிடாரொஸ் என முற்காலத்தில் வழங்கிய துரொண்ட்ஹைமில் அடக்கஞ்செய்யப்பட்ட புனித ஓலாவ் மன்னனைத் தரிசிக்கச் சென்ற யாத்திரிகர் நடந்த வழி அது. பனிப்புயலில் அகப்பட்டு மலைமீது மாண்டவர் பலர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ஓய்ஸ்டைன் என்னும் மன்னன் வழிப்போக்கர்க்கென அம்மலைமீது தங்குமடங்களை அமைப்பித்தான் என்பது அந்நாட்டு மரபு. ஹ்யெர்க்கின், கொங்ஸ்வொல் ஆகிய இடங்களிலுள்ள மலைவிடுதிகள் அப்பழமையை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன. நமது மடங்களைக் கட்டுவித்த எண்ணமும் அம்மன்னனின் எண்ணமும் வேறல்ல. இன்று அவ்வீதியின் ஊர்கள்தோறும் நிற்கும் மின்னேற்றிகளை, அம்மடங்களின் புதிய தலைமுறை என்று கொள்ளுதல் மிகையாகாது.

வழிக் கணக்கு

இனி, கணக்கை நோக்குவோம். நம் வீட்டு மின்சாரப் பட்டியலிற் காணும் ஓர் அலகு ஒரு கிலோவாற்று மணியைக் குறிக்கும். பற்றறி என நாம் வழங்கும் மின்கலவடுக்கு 60 அலகு கொள்ளும் நடுத்தரக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோடையில் அது நூறு கிலோமீற்றருக்கு 18 அலகு செலவிடும் என்க. மாரியிலோ காரின் உட்புறத்தையும் மின்கலவடுக்கையும் சூடாக்க வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. பனி படிந்த வீதி சில்லைப் பிடிக்கும். நோர்வேயின் மோட்டார்ச் சங்கம் 2020ஆம் ஆண்டில் இருபது மின்சாரக் கார்களைக் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்த்தபோது, அவை ஓடக்கூடிய தூரம் சராசரியாக ஐந்திலொரு பங்களவு குறைந்தது. நாம் சற்றுக் கடுமையாகவே எண்ணி, மாரியில் நூறு கிலோமீற்றருக்கு 24 அலகு என வைத்துக்கொள்வோம்.

அறிந்த பயணி மின்கலவடுக்கை முற்றாக வெறுமையாக்கான். நூற்றுக்குப் பத்தேனும் எஞ்ச விடுவான். ஆகவே, வீட்டில் இரவு முழுவதும் மின்னேற்றி நிறைவாகப் புறப்படும் காரில் செலவிடத்தக்கது 54 அலகு. கோடையில் அது 300 கிலோமீற்றருக்குப் போதும். வழியிலே நூற்றுக்குப் பத்திலிருந்து எண்பது வரை ஏற்றினால் 42 அலகு கிடைக்கும். அது மேலும் 233 கிலோமீற்றர். எனவே, ஒரே தங்கலுடன் துரொண்ட்ஹைமை அடையலாம். மாரியிலே முதற்கட்டம் 225 கிலோமீற்றராகவும், பின்வரும் ஒவ்வொரு கட்டமும் 175 கிலோமீற்றராகவும் சுருங்குகின்றன. இரண்டு தங்கல் போதும் என்று தாள் கூறும்.

ஆனால், தாளிலுள்ள கணக்குக்கு மலை தெரியாது. டொம்போஸிலிருந்து துரொண்ட்ஹைம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். நம் கட்டத்தின் நீளமோ 175. அத்துடன் ஏற்றமும் உண்டு. இரண்டு தொன் நிறையுள்ள கார் ஆயிரம் மீற்றர் உயர்தற்கு ஏறக்குறைய ஐந்தரை அலகு வேண்டும் என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவரும் கணித்துவிடுவர். டொம்போஸிலிருந்து உச்சிக்கு அதிலும் குறைந்த ஏற்றமே. அப்பால் இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாகித் தந்ததிற் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆயினும், எதிர்க்காற்று வீசுமாயின், அவ்வாதாயம் காற்றோடே போய்விடும்.

அச்சமும் இடமறிப்பும்

இவ்விடத்திலேதான் இருவகைப் பயணிகளைக் காண்கின்றோம். ஒருவர் மலைக்கு அஞ்சுபவர். டொம்போஸில் நூற்றுக்கு நூறு நிரம்பும் வரை அவர் அசையார். மற்றவர் கணக்கு அறிந்தவர். எண்பது ஆனதும் புறப்பட்டு, மலையைக் கடந்து, ஒப்டாலில் ஒரு பத்து நிமிடம் நின்று, இன்னும் பத்து அலகளவு ஏற்றிக்கொண்டு போவார். இவர்களுள் முன்னே சென்று சேர்பவர் யார்? இரண்டாமவரே. இதற்குரிய காரணத்தை அறிந்தால் மின்னேற்று நிலையத்தின் ஒழுக்கம் முழுவதும் விளங்கிவிடும்.

நெல்லைச் சாக்கில் இடுவதைப் பாருங்கள். தொடக்கத்திற் கடகத்தோடு கொட்டலாம். சாக்கு நிறைய நிறைய, கையால் அள்ளியிட்டு, குலுக்கி, அமுக்க வேண்டும். வாய் கட்டுமுன் இடும் கடைசிக் கொத்துக்கே நேரம் மிகுதி. மின்கலத்தின் உள்ளேயும் இஃதே நிகழ்கின்றது. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் சென்று, பென்சிற்கரியின் மெல்லிய படைகளுக்கிடையே அமர்கின்றன. இடம் வெறுமையாக இருக்கையில் விரைந்து அமர்வன. நிறைந்து வருகையில் இடம் தேடித் தயங்குவன. அந்நிலையிலும் வலிந்து செலுத்தினால், உள்ளே செல்லாது மேற்பரப்பில் இலிதிய உலோகமாகப் படிந்து மின்கலத்தைக் கெடுத்துவிடும். ஆதலால், காரிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியே மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுகின்றது. பத்திலிருந்து எண்பது வரை ஏற அரைமணி நேரம் கொள்ளும் கார், எஞ்சிய இருபதுக்கு மேலும் அரைமணி நேரமோ அதற்கு மிகுதியாகவோ கொள்ளுதல் இயல்பு. கடுங்குளிரிலே தொடக்கமும் மந்தமாகும். ஆகவே, அடுத்த தங்கல் இன்ன நிலையம் என்பதை முன்னரே காரின் வழிகாட்டிக் கருவிக்கு அறிவித்துவிட்டால், பல கார்கள் வழியிலேயே மின்கலவடுக்கைச் சூடாக்கி ஆயத்தமாக வந்து சேரும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? எண்பதில் எழுந்து செல்பவன் தன் நேரத்தையும் காக்கின்றான். பின்னால் வந்தவனுக்கும் இடம் விடுகின்றான். தன்னலமும் பிறர்நலமும் ஒன்றற்கொன்று பகையாக நிற்கும் இடங்களே உலகிற் பெரும்பாலன. மின்னேற்று நிலையத்திலோ இயற்கை விதியே அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து வைத்திருக்கின்றது. அவ்வாறிருந்தும் ஒருவன் இடத்தை மறித்து நிற்பது ஏன்? பெரும்பாலும் பேராசையால் அன்று, அச்சத்தால். அடுத்த நிலையம் எங்கே, அங்கு எத்தனை மின்னேற்றிகள் உள்ளன, ஒன்று பழுதுற்றால் வேறெங்கே செல்லலாம் என்பவற்றை அறியாதவனுக்கே அச்சம் உண்டாகும். அஞ்சியவன் கிடைத்த இடத்தை விடான். ஆகவே, பயணத்தைத் திட்டமிடுதல் தன் வசதிக்கான சூழ்ச்சி மாத்திரமன்று. முன்பின் அறியாத மற்றொரு பயணிக்குச் செய்யும் உபகாரமுமாகும்.

நிலையத்தின் ஒழுக்கம்

உயிர்த்த ஞாயிறு விடுமுறை வந்தால் நோர்வே மக்கள் மலைவீடுகளை நோக்கிப் புறப்படுவர். விடுமுறை முடியும் நாளிலோ எல்லோரும் ஒருங்கே நகர் திரும்புவர். மற்றை நாட்களில் வெறிச்சோடிக் கிடக்கும் வழியோர நிலையங்களில் அன்று வரிசை உண்டாகும். உறைபனிக் குளிரிலே, பின்னிருக்கையிற் குழந்தை உறங்க, எஞ்சிய மின்சாரத்தில் உட்புறச் சூட்டைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பத்துக்கு, முன்னால் நிற்பவனின் பண்பு அற்ப விடயமன்று. அத்தகைய நாட்களிலே பழக்கத்தால் உருவான நெறிகள் சில உள.

மின்னேற்றாத காரை மின்னேற்றும் தரிப்பிடத்தில் நிறுத்தலாகாது. பிறருடைய காரில் ஏறிக்கொண்டிருக்கும் மின்வடத்தைக் கழற்றலாகாது. தன் காருக்கு ஏற்ற வேகமுள்ள மின்னேற்றியை நாடுதல் வேண்டும். மெதுவாகவே உள்வாங்கும் பழைய கார், பெருவலு மின்னேற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பின் இருவர்க்கும் பயனில்லை. சில நிலையங்களில் இரண்டு மின்னேற்றிகள் ஒரே ஊற்றைப் பகிர்ந்துகொள்வன. ரெஸ்லா நிறுவனத்தின் முந்திய தலைமுறை மின்னேற்றிகளில் 1ஏ, 1பி என அவை குறிக்கப்பட்டிருக்கும். 1ஏயில் ஒருவர் நிற்க, வேறிடம் வெறுமையாக இருக்கையில் 1பியிற் சென்று நிற்பவன், ஒரே வாய்க்காலில் இருவர் நீர் பாய்ச்சும் நிலையை உண்டாக்குகின்றான். முடிந்ததும் வடத்தை அதற்குரிய கொளுவியில் மாட்ட வேண்டும். பனிமேல் எறிந்த வடம், பனி வாரும் வண்டியின் வாயில் அகப்படும். பழுதுற்ற மின்னேற்றியைக் கண்டவர் நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் சிக்கலானது வரிசை. பெற்றோல் நிலையத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் முறை கண்ணுக்குப் புலனாகும். மின்னேற்றிகளோ பெரும்பாலும் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் நிரையாக நிற்கின்றன. காத்திருப்போர் அங்குமிங்குமாக நிற்பர். யார் முன், யார் பின் என்பதைத் தரிப்பிடக் கோடுகள் காட்டமாட்டா. இறங்கிச் சென்று, 'எனக்கு முன் வந்தவர் யார்?' என்று கேட்பதே வழி. ஒருவரோடொருவர் பேசாது எந்திரத்தோடு மாத்திரம் பேசப் பழகிய காலத்தில், அவ்வொரு கேள்வியே பல பூசல்களைத் தவிர்த்துவிடுகின்றது. தேநீர் அருந்தச் செல்பவர் சிலர் தம் தொலைபேசி எண்ணை எழுதிக் கண்ணாடியின் உட்புறம் வைத்துச் செல்வர். 'அவசரமாயின் அழையுங்கள்' என்பது அதன் பொருள். சிறிய தாள்தான், ஆயினும், காத்திருப்பவனின் மனத்தை அது எவ்வளவு ஆற்றுகின்றது!

தண்டமா, பண்பா?

பண்பை மாத்திரம் நம்பியிருக்க வணிகருக்கு மனமில்லை. மின்னேறி முடிந்த பின்னும் இடத்தை விடாத கார்களுக்கு நிமிடக் கணக்கிற் கட்டணம் அறவிடும் முறையை 2016ஆம் ஆண்டு டிசம்பரில் ரெஸ்லா நிறுவனம் கொண்டுவந்தது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவிலே அது மேலும் ஓர் அடி சென்றது: கூட்டம் மிகுந்த சில நிலையங்களில், தொண்ணூறுக்கு மேல் ஏற்றிக்கொண்டிருப்பவருக்கும் நெரிசற் கட்டணம் விதித்தது. இம்முறைகளாற் பயனில்லை என்று கூறல் இயலாது. கட்டணம் கடுமையாயின் கார்கள் நகரத்தான் செய்யும்.

எனினும், தண்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இஸ்ரவேலின் ஹைஃபா நகரிலே குழந்தைகளைப் பகலிற் பராமரிக்கும் பத்து நிலையங்களில் இரு பொருளியலறிஞர் செய்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிள்ளையை அழைத்துச் செல்லப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சிறு தண்டம் விதித்தபோது, பிந்தி வருவோர் தொகை குறையவில்லை, கூடியது. 'பிந்தினால் ஆசிரியைக்குத் தொல்லை' என்ற கூச்சம் அதுவரை இருந்தது. தண்டம் வந்ததும், 'பிந்துவதற்குப் பணம் கொடுத்துவிட்டோமே' என்ற ஆறுதல் அவ்விடத்தைப் பிடித்தது. தண்டத்தை நீக்கிய பின்னும் பழைய கூச்சம் மீளவில்லை. மின்னேற்று நிலையத்திலும் இவ்வாபத்து உண்டு. பணமுடையவன் இடத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, குற்றவுணர்வின்றி உணவருந்தப் போய்விடலாம். குளிரிற் காத்திருப்பவனுக்கு அக்கட்டணத்தால் ஆவதொன்றுமில்லை.

ஆகவே, கட்டணம் வேலியாக நிற்கலாம், பயிராக முடியாது. வசதியைப் பெருக்குவது அரசின் கடன். ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய ஒழுங்குவிதி, முதன்மை நெடுஞ்சாலைகளிலே 60 கிலோமீற்றருக்கு ஒன்றாக விரைவு மின்னேற்று நிலையங்கள் அமைய வேண்டும் என்று வகுத்தது. அடுத்த நிலையம் அறுபது கிலோமீற்றருக்குள் உண்டு என்று உறுதியாக அறிந்தவன், இருக்கும் இடத்தைப் பற்றிக்கொண்டிரான். அச்சத்தைப் போக்கினால் ஒழுக்கம் தானே வளரும்.

நமக்குரியது

இவை யாவும் தொலைதூரத்துச் செய்திகள் என்று நம்மவர் ஒதுக்கிவிடல் ஆகாது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். அடுத்த கப்பல் எப்பொழுது வரும் என்று அறியாத அச்சத்தால், பாதி நிரம்பிய தாங்கியுடனும் வரிசையிற் சேர்ந்தவர் எத்தனை பேர்! முறைப்படி இவ்வளவு கிடைக்கும் என்ற உறுதியை, அவ்வாண்டு யூலையில் வந்த எரிபொருள் அனுமதி முறை ஓரளவேனும் அளித்த பின்னரே வரிசைகள் தணியத் தொடங்கின. பற்றாக்குறை பாதி, பற்றாக்குறை பற்றிய அச்சம் பாதி என்பதை அக்காலம் நமக்கு உணர்த்தியது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர், மின்சாரக் கார்கள் நம் வீதிகளுக்கும் பெருகி வருகின்றன. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அவ்வழியிலே நாமும் தங்க வேண்டியவர்களே. நம் பின்னால் வருபவர்க்கு இடம் விட வேண்டியவர்களே.

நோர்வே மன்னன் பனிமலையில் மடம் கட்டினான். நம் முன்னோர் வெயில் காயும் வெளியிற் சுமைதாங்கி நாட்டினர். கட்டியவர் அறத்தைச் செய்து போயினர். அவ்வறம் நிலைத்தமைக்கு, அங்கே தங்கிய ஒவ்வொருவனும் வேளையறிந்து எழுந்து சென்றமையும் ஒரு காரணமன்றோ? வழிச்செலவுக்கு ஆயத்தமாகும் மின்சாரக் கார்ப் பயணியும், புறப்படுமுன் அடுத்த தங்கலை அறிந்துகொண்டு, எண்பதில் எழுந்து செல்வானாயின், அவ்வறத்திற் பங்குகொண்டவனாவான்.